விட்ட மீன் பிழைக்குமா?

ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் தூண்டில் போட்டு அமர்ந்திருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வலை வீசுபவர் ஒரே வீச்சில் பல மீன்களை அள்ளிவிடுகிறார். தூண்டில் போடுபவருக்கோ ஒரு நேரத்தில் ஒரு மீன்தான் கிடைக்கும். அதற்கும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே தூண்டிலால் மீன் வளம் குறையும் என்று யாரும் எளிதில் நினைப்பதில்லை. அதிலும், பிடித்த மீனைத் திரும்ப நீரிலேயே விட்டுவிட்டால்? மீனுக்கும் கேடில்லை, மனிதருக்கும் மகிழ்ச்சி என்றுதான் தோன்றும்.

இந்த எண்ணம் சரியா? அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் வாழும் ஒரு மீனின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது. அந்நாட்டில் பிழைப்புக்காக அன்றி, பொழுதுபோக்குக்காகவே கடலில் தூண்டில் போடுபவர்கள் பல இலட்சம் பேர். அவர்களுக்கு மிகவும் பிடித்தமான மீன்களுள் ஒன்று ‘ஸ்ட்ரைப்ட் பாஸ்’. வெள்ளி போன்ற அதன் உடலின் இருபுறமும் தலையிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடுகின்றன. எனவே இக்கட்டுரையில் அதனை ‘வரிப்பாஸ்’ என்று அழைப்போம்.

நன்னீரில் பிறந்து கடலில் வளரும் மீன்

வரிப்பாஸின் அறிவியற் பெயர் மோரோன் சாக்ஸாடிலிஸ். இது கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக இளவேனிற் காலத்தில் ஆறுகளுக்குள் ஏறி வருகிறது. இவ்வினத்தின் மிகப் பெரிய பிறப்பிடம் செசபீக் விரிகுடாவும் அதில் வந்து கலக்கும் ஆறுகளும் ஆகும். ஹட்சன், டெலவேர் ஆறுகளிலும் இது முட்டையிடுகிறது.

முட்டைகள் ஆற்று நீரோட்டத்தில் மிதந்தபடியே ஏறத்தாழ இரண்டு நாட்களில் பொரிக்கின்றன. குஞ்சுகள் சில ஆண்டுகள் கழிமுகத்திலேயே வளர்ந்து, பிறகு கடலுக்குச் செல்கின்றன. ஆண் மீன் 2 முதல் 4 வயதிற்குள் முதிர்ச்சி அடைந்துவிடும். பெண் மீனுக்கு 4 முதல் 8 ஆண்டுகள் தேவை. இம்மீன் 30 ஆண்டுகள்வரை வாழக்கூடியது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமும், 30 கிலோவுக்கு மேல் எடையும் உள்ள மீன்கள் பிடிபட்டிருக்கின்றன.

இங்கே ஒரு செய்தியை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 6 வயதுள்ள பெண் வரிப்பாஸ் ஏறத்தாழ 5 இலட்சம் முட்டைகள் இடுகிறது. 15 வயதுள்ள பெண் மீனோ 30 இலட்சத்துக்கு மேல் இடுகிறது. அதாவது, ஒரு முதிய தாய் மீன் ஆறு இளந்தாய் மீன்களுக்குச் சமம். இந்தக் கணக்கு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஒரு முறை வந்த ஆபத்து

1973-ஆம் ஆண்டில் வணிக மீனவர்கள் பிடித்த வரிப்பாஸின் எடை ஏறத்தாழ 150 இலட்சம் பவுண்டு. பத்தே ஆண்டுகளில், 1983-இல், அது 35 இலட்சம் பவுண்டாகச் சுருங்கிவிட்டது. முட்டையிடும் ஆறுகளின் நீர் மாசுற்றிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு குஞ்சுகள் குறைந்தன. ஆனால் பிடிக்கும் முயற்சி மட்டும் குறையவில்லை. காரணங்கள் பலவாயினும், மனிதர் உடனே செய்யக்கூடியது பிடிப்பைக் குறைப்பதே என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வரிப்பாஸைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 1985 ஜனவரி 1 முதல் மேரிலாந்து மாநிலம் வரிப்பாஸ் பிடிப்பதை அடியோடு தடை செய்தது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மேரிலாந்தின் தடை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. வலைக்கும் தடை, தூண்டிலுக்கும் தடை!

தடை வீண்போகவில்லை. 1982-இல் பிறந்த மீன்கள் பிடிபடாமல் வளர்ந்து முட்டையிட்டன. மீன் பெருகத் தொடங்கியதும் 1990-இல் அளவோடு பிடிக்க அனுமதித்தார்கள். 1995-இல் வரிப்பாஸ் வளம் முற்றிலும் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். உலகில் மீன்வளப் பாதுகாப்புக்கு எடுத்துக்காட்டாக இதனைப் பலரும் கூறினார்கள்.

குஞ்சுகளை எண்ணும் கரைவலை

தடையை எப்போது நீக்கலாம் என்று எவ்வாறு அறிந்தார்கள்? இதற்கு மிக எளிய கருவி ஒன்று உதவியது. அது நம் மீனவர்கள் நன்கறிந்த கரைவலை.

1954 முதல் ஒவ்வோர் ஆண்டும் மேரிலாந்து உயிரியலறிஞர்கள் விரிகுடாவில் குஞ்சுகளை எண்ணி வருகிறார்கள். 22 இடங்கள், ஒவ்வொன்றிலும் கோடையில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு இழுப்பு. ஆக மொத்தம் 132 இழுப்புகள். சிறிய கரைவலையை இழுத்து, அதில் அகப்பட்ட அவ்வாண்டுக் குஞ்சுகளை எண்ணி, நீரில் விட்டுவிடுவார்கள். ஓர் இழுப்புக்குச் சராசரியாக எத்தனை குஞ்சுகள் என்பதே ‘குஞ்சு எண்’. மூன்று ஆண்டுகளின் சராசரி 8-ஐ எட்டினால் பிடிப்பைத் திறக்கலாம் என்று விதி வகுத்திருந்தார்கள். 1989-இல் குஞ்சு எண் 25-ஐத் தாண்டியது. சராசரியும் 8-க்கு மேல் உயர்ந்தது. தடை விலகியது.

பெரும்பாலும் ஒரே முறையில் பல ஆண்டுகளாக எண்ணி வருவதால், அன்றையும் இன்றையும் ஒப்பிட முடிகிறது. அறிவியலில் பொறுமை எவ்வளவு பெரிய கருவி என்பதற்கு இது சான்று.

மறுபடியும் ஆபத்து

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 2019-இல் வெளியான ஆய்வறிக்கை, வரிப்பாஸ் மீண்டும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு நலிந்துவிட்டது என்று கூறியது. இம்முறை வணிக மீனவர்களின் வலை முதற்காரணம் அன்று. 2017-இல் மனிதர் பிடிப்பால் இறந்த வரிப்பாஸ்களை 100 என்று கொண்டால், அவற்றில் 90 பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களால் இறந்தவை என்று கணக்கிட்டார்கள். வணிக மீனவர்களின் பங்கு 10 மட்டுமே.

அந்த 90-ஐ இன்னும் பிரித்துப் பாருங்கள். 42 மீன்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டவை. எஞ்சிய 48 மீன்கள்? அவை நீரில் ‘உயிரோடு’ விடப்பட்டவை! தின்ற மீனைவிடத் தப்பவிட்ட மீனே அதிகமாக இறந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கணக்கு

இது எப்படி நடக்கும்? பால் டியோடாட்டி, ஆன் ரிச்சர்ட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதனை ஆராய்ந்து 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். தூண்டிலில் பிடித்த வரிப்பாஸ்களை ஓர் உவர்நீர் அடைப்பில் விட்டுப் பல நாட்கள் கவனித்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 9 மீன்கள் இறந்தன. முள் எவ்வளவு ஆழத்தில் தைத்தது, எங்கே தைத்தது, ஒற்றை முள்ளா பல முட்களா, பிடித்தவர் பழக்கமுள்ளவரா என்பவற்றைப் பொறுத்து இந்த எண் கூடியும் குறைந்தும் காணப்பட்டது.

100-க்கு 9 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் ஒரு நாளில் ஒரு மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அவர் 12 மீன்களைப் பிடித்து, ஒன்றை வைத்துக்கொண்டு 11-ஐ விட்டுவிடுகிறார்.

11 × 9 ÷ 100 = 0.99

அதாவது, கூடையில் ஒரு மீன். அவர் காணாமல் நீருக்கடியில் இறந்தது ஏறத்தாழ இன்னொரு மீன். இதைப் பல இலட்சம் பேரால் பெருக்குங்கள். ஒவ்வொருவரும் விதிப்படியே நடந்தாலும், மொத்தத்தில் மீன் வளம் குறைகிறது. குற்றவாளி என்று யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. இதுதான் இச்சிக்கலின் கடினமான பகுதி.

விட்ட மீன் ஏன் சாகிறது?

முதற்காரணம் முள். உதட்டிலோ கடைவாயிலோ தைத்த முள்ளை எளிதாக எடுத்துவிடலாம். இரையோடு முள்ளையும் மீன் விழுங்கிவிட்டால், அது செவுளையோ இரைப்பையையோ கிழித்துவிடும். செவுள் முழுவதும் இரத்த நாளங்கள் நிறைந்தது அல்லவா?

இரண்டாவது காரணம் களைப்பு. நைலான் நரம்பின் முனையில் மீன் தன் முழு வலிமையோடு போராடுகிறது. அப்போது தசைகளுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாமலே ஆற்றல் உண்டாகும்போது லாக்டிக் அமிலம் சேர்கிறது. வேகமாக ஓடிய பின் உங்கள் கால்கள் தளர்ந்துபோவதில்லையா? மீனுக்கும் அத்தகைய நிலைதான். இந்த வேளையில் புகைப்படம் எடுப்பதற்காக அதைக் காற்றில் தூக்கிப் பிடித்தால் என்ன ஆகும்? நீரில் விரிந்து நிற்கும் மெல்லிய செவுள் இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நூறு மீட்டர் ஓடி முடித்தவனின் மூக்கையும் வாயையும் பொத்துவது போன்றது இது.

மூன்றாவது காரணம் வெப்பம். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 10 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். உவர்நீரில் இன்னும் குறைவு. கோடையில் செசபீக் விரிகுடாவின் மேல்நீர் சூடாகிவிடுகிறது. அடிநீரிலோ, மட்கும் பாசிகளால் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மேலே வெப்பம், கீழே மூச்சுத்திணறல். இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய நீரடுக்கில் மீன் ஒடுங்கிக் கிடக்கிறது. இக்காலத்தில் பிடித்து விட்ட மீன் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. அதனால்தான் மேரிலாந்து 2021 கோடையில், ஜூலை 16 முதல் 31 வரை, வரிப்பாஸுக்குத் தூண்டில் போடுவதையே நிறுத்தி வைத்தது.

ஆழ்நீரில் வாழும் மீன்களுக்கு நான்காவது ஆபத்தும் உண்டு. மெக்சிக்கோ வளைகுடாவில் பிடிபடும் ‘ரெட் ஸ்னாப்பர்’ என்ற செந்நிற மீன் இதற்கு எடுத்துக்காட்டு. நீங்கள் படித்த பாயில் விதியை நினைவுகூருங்கள். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ 4 வளிமண்டல அழுத்தம். அங்கிருந்து மீனை விரைவாக மேலே இழுத்தால், அதன் காற்றுப்பையில் உள்ள வாயு நான்கு மடங்காக விரிய முயல்கிறது. கண்கள் பிதுங்குகின்றன. இரைப்பை வாய்வழியே வெளித்தள்ளப்படுகிறது. விட்டாலும் அம்மீனால் மூழ்க முடிவதில்லை. மிதந்தபடியே பறவைகளுக்கு இரையாகிறது. இதற்கு மாற்றாக, எடை கட்டிய கருவி ஒன்றில் மீனை மாட்டி ஆழத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். கீழே இறங்க இறங்க வாயு மறுபடி சுருங்கிவிடும். இக்கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ படகில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அவ்வளைகுடாவின் பாறை மீன் பிடிப்பவர்களுக்கு 2022 முதல் ஒரு சட்டம் கட்டளையிட்டது.

முள்ளின் வடிவம் மாறியது

சாதாரணத் தூண்டில் முள் ஆங்கில ‘ஜே’ எழுத்துப்போல் இருக்கும். அதன் முனை மேல்நோக்கி நிற்பதால் தொண்டையிலும் எளிதில் தைத்துவிடும். வட்ட முள்ளின் முனையோ உட்புறமாகத் தண்டை நோக்கி வளைந்திருக்கும். மீன் அதை விழுங்கினாலும், நரம்பை இழுக்கும்போது முள் தொண்டையில் தைக்காமல் வழுக்கி வந்து, கடைவாயில் மாட்டிக்கொள்ளும். சிறு கம்பியின் வளைவில் ஒரு மாற்றம். அது ஓர் உயிரைக் காக்கிறது! 2021 முதல் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் இயற்கை இரை கோத்து வரிப்பாஸுக்குத் தூண்டில் போடுபவர்கள் வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தார்கள்.

எந்த மீனை விடவேண்டும்?

சிறிய மீனை விட்டுவிட்டுப் பெரிய மீனை எடுத்துக்கொள்ளலாம் என்பது பழைய விதி. ஒரு முறையாவது முட்டையிடட்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் முன்பு பார்த்த முட்டைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பெரிய மீனைக் கொல்வது 30 இலட்சம் முட்டைகளை இழப்பதாகும். எனவே 2020-இல் கடற்பகுதியில் புதிய விதி வந்தது. 28 அங்குலத்துக்கு (71 செ.மீ.) குறைந்த மீனையும் விடவேண்டும், 35 அங்குலமும் (89 செ.மீ.) அதற்கு மேலும் உள்ள மீனையும் விடவேண்டும். இடைப்பட்ட அளவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இதனை ‘இடையளவு விதி’ எனலாம்.

2015-இல் பிறந்த மீன்கள் ஏராளம். அவை வளர்ந்து 2022-இல் இந்த இடையளவுக்குள் நுழைந்தன. உடனே தூண்டில்காரர்கள் எடுத்துச் சென்ற மீன்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. ஆகவே 2023-இல் அவசர ஆணை பிறப்பித்து, மேல் எல்லையை 31 அங்குலமாகக் (79 செ.மீ.) குறைத்தார்கள்.

இதில் ஒரு முரண்பாடு இருப்பதைக் கவனித்தீர்களா? இடைவெளி குறுகக் குறுக, பிடித்த மீன்களில் விடவேண்டியவை அதிகமாகின்றன. விடும் மீன்கள் அதிகமானால், விட்டபின் சாகும் மீன்களும் அதிகமாகும். ஒரு விதி தாய் மீனைக் காக்கிறது. அதே விதி வேறொரு வாசலைத் திறந்துவிடுகிறது. ஆகவே அளவு விதியோடு முள்ளின் வடிவம், பிடிக்கும் பருவம், மீனைக் கையாளும் முறை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே சிந்திக்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் கரைவலை தரும் செய்தியும் கவலைக்குரியதே. குஞ்சு எண்ணின் நெடுங்காலச் சராசரி ஏறத்தாழ 11. 2019 முதல் 2023 வரை ஐந்து ஆண்டுகளும் அதற்கு மிகக் குறைவு. 2023-இல் அது வெறும் 1. குளிர்ந்த பனிக்காலமும் மழை மிகுந்த இளவேனிலும் குஞ்சுகளுக்கு ஏற்றவை. வெப்பமான பனிக்காலங்கள் அவற்றுக்குப் பாதகமாக உள்ளன. மழையையும் குளிரையும் நாம் ஆணையிட்டு வரவழைக்க முடியாது. தூண்டிலை மட்டுமே கட்டுப்படுத்த முடியும்.

தூண்டில்காரர்களை எண்ணுவது எப்படி?

வணிக மீனவரின் பிடிப்பைச் சந்தையில் எடை போட்டு அறியலாம். பல இலட்சம் வீடுகளுக்குப் போகும் மீனை யார் எடை போடுவது? துறைகளில் நின்று மாதிரிக்குச் சிலரிடம் கேட்கிறார்கள். வீடுகளுக்கு வினாத்தாள் அனுப்பி, எத்தனை முறை மீன் பிடிக்கச் சென்றீர்கள் என்று கேட்கிறார்கள். இதிலும் ஒரு வேடிக்கை. 2023-இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், ‘கடந்த இரண்டு மாதங்களில்’, ‘கடந்த பன்னிரண்டு மாதங்களில்’ என்ற இரு கேள்விகளின் வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். கிடைத்த மதிப்பீடு 30 முதல் 40 சதவீதம் குறைந்துவிட்டது! மீனைப் பற்றி அறிய மனிதனின் ஞாபகத்தையும் ஆராய வேண்டியிருக்கிறது.

செய்து பாருங்கள்

நீருக்கடியில் உள்ள மீன்களை எண்ணும் ஒரு முறையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 1890-களில் டென்மார்க்கின் பீட்டர்சன் என்ற அறிஞர் மீன்களில் குறியிட்டு விட்ட முறையிலிருந்து இது வளர்ந்தது.

ஒரு பாத்திரத்தில் இரண்டு கைப்பிடி புளியங்கொட்டைகளை எண்ணாமல் போடுங்கள். அவற்றில் 50-ஐ எடுத்துச் சுண்ணாம்பால் குறியிட்டுக் காயவைத்துத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு 40 கொட்டைகளை எடுங்கள். அவற்றில் 8 குறியிட்டவை என்று கொள்வோம்.

மொத்தம் = 50 × 40 ÷ 8 = 250

எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது குறியிட்ட கொட்டைகளில் 10-ஐ எடுத்து ஒளித்துவிடுங்கள். இவை ‘விட்டபின் இறந்த மீன்கள்’. உள்ளே உண்மையில் இருப்பவை 240. இதை அறியாத ஒருவர் பழைய கணக்கையே போட்டால் என்ன கிடைக்கும்? 40-இல் குறியிட்டவை சராசரியாக 6 அல்லது 7 மட்டுமே வரும். அவருக்குக் கிடைக்கும் விடை ஏறக்குறைய 300! மீன் குறைந்திருக்கிறது, கணக்கோ பெருகிவிட்டதாகச் சொல்கிறது. விட்ட மீனின் சாவை எண்ணாமல் விடுவது எவ்வளவு ஆபத்தானது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

முடிவாக

வரிப்பாஸ் வளத்தை 2029-ஆம் ஆண்டுக்குள் மீட்டெடுக்க வேண்டும் என்பது இலக்கு. 1985-இல் ஒரே ஒரு தடை போதுமானதாக இருந்தது. இன்று அதைவிட நுட்பமான அறிவு தேவைப்படுகிறது. ஒருவர் எடுப்பது சிறிது, எடுப்பவர்கள் பலர். கண்ணுக்குத் தெரிவது கூடையிலுள்ள மீன். கணக்கில் சேரவேண்டியது நீருக்கடியில் இறந்த மீனும்தான். எங்கே யார் தூண்டில் போட்டாலும் இந்த உண்மை மாறாது. மீனை விட நினைப்பவர் கையை நனைத்துக்கொண்டு, நீரைவிட்டு வெளியே எடுக்காமல், முள்ளை விரைந்து நீக்கி விடட்டும். போதுமான அளவு பிடித்தபின் தூண்டிலைச் சுற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது. தூண்டிலே படாத மீன்தான் நிச்சயமாகப் பிழைக்கும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஒருவர் 23 மீன்களைப் பிடித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுகிறார். 100-க்கு 9 வீதம் இறந்தால், அவரால் இறந்த மீன்கள் மொத்தம் எத்தனை?

2. முட்டையிடும் பெண் மீன்களில் முதியவற்றை மட்டும் பிடித்துத் தீர்த்துவிட்டால், மீன்களின் எண்ணிக்கை குறைவதற்கு முன்பே குஞ்சு எண் ஏன் குறையக்கூடும்?

3. 20 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை வாயு எத்தனை மடங்காக விரிய முயலும்?